அன்று வடிந்த நீர், இன்று விழும் கழி

1985 ஆகஸ்ட் 12. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் முதன்முறையாகத் தொடர்வினை தொடங்கிய நாள். அதே நாள் மாலை, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 747 ஒன்று, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தன் வாலின் பெரும்பகுதியை இழந்தது. அரை மணி நேரம் தள்ளாடிப் பறந்து மலையில் மோதியது. அதிலிருந்த 524 பேரில் 520 பேர் இறந்தார்கள்.

அவ்வளவு பெரிய விமானத்தின் சுக்கானை அசைக்க விமானியின் கைவலு போதாது. உயர் அழுத்தத்தில் குழாய்களில் ஓடும் எண்ணெய்தான் பிஸ்டன்களைத் தள்ளி அதைத் திருப்புகிறது. இந்த ஹைட்ராலிக் அமைப்பு போனால் விமானம் சொன்னபடி கேட்காது என்பதால், 747-இல் ஒன்றுக்கு நான்காக வைத்திருந்தார்கள். நான்கும் தனித்தனி. ஆனால் நான்கின் குழாய்களும் வால் பகுதியைத் தொட்டுத்தான் போயின. ஏழு ஆண்டுகளுக்கு முன் அரைகுறையாகப் பழுதுபார்க்கப்பட்ட பின்பக்கத் தடுப்புச் சுவர் பிய்த்துக்கொண்டு வாலைக் கிழித்தபோது, நான்கிலிருந்தும் எண்ணெய் ஒழுகிப் போயிற்று.

இரண்டு நிகழ்வுகளுக்கும் தேதியைத் தவிர உறவு கிடையாது. ஆனாலும் அன்று ஓடத் தொடங்கிய அந்த உலைக்கும், அதற்குப் பக்கத்திலேயே இன்று நிற்கும் 500 மெகாவாட் ஈனுலைக்கும் இடையில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால், அந்த நான்கு குழாய்களிலிருந்துதான் நான் பதிலைத் தொடங்குவேன். பழுது வராமல் பார்த்துக்கொள்வது ஒரு காலத்துப் பொறியியல். பழுது வரும், ஒரே காரணத்தால் எல்லாமும் சேர்ந்தே போகவும் கூடும் என்று வைத்துக்கொண்டு கட்டுவது அடுத்த காலத்துப் பொறியியல். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடற்கரையில் இரண்டு காலமும் அருகருகே நிற்கின்றன.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை எட்டுவதற்கு முன்பே உலைக் கட்டடங்கள் இருக்கும் கடற்கரைப் பகுதி வந்துவிடும். 1971-இல் முதல் உலையின் கட்டுமானம் தொடங்கியது. 1974 போக்ரான் சோதனைக்குப் பிறகு கனடா கையை விரித்துவிட, கனடாவின் வடிவமைப்பை வைத்துக்கொண்டு நம்மவர்களே கட்டி முடித்தார்கள். 1983 ஜூலை 2-இல் முதல் உலை உயிர்பெற்றது. வெளிநாட்டுக் கை படாமல் இந்தியா கட்டிய முதல் அணுமின் நிலையம் அது.

அந்த உலையை அவசரத்தில் நிறுத்த அன்று வைத்திருந்த வழி அழகானது. காலண்ட்ரியா என்னும் பெரிய கலத்தில் கன நீர் நிற்கும். நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துத் தொடர்வினையை நடத்துவது அந்த நீர்தான். நீர் இல்லையேல் வினை இல்லை. கலத்துக்கு அடியில் ஒரு காலி டேங்க். இரண்டுக்கும் இடையே தட்டு கிடையாது, கதவு கிடையாது. கீழே ஹீலியம் வாயுவை மேலேயிருப்பதைவிடக் கூடுதல் அழுத்தத்தில் வைத்து, அந்த அழுத்த வேறுபாட்டாலேயே நீரை மேலே தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஏதாவது விபரீதம் என்றால் வால்வுகள் திறந்து மேலும் கீழும் அழுத்தம் சமமாகிவிடும். தாங்க ஆளில்லாத நீர் தன் எடையாலேயே கீழே வடிந்துவிடும். உலையை ஓட்டத்தான் இயந்திரங்கள் இடைவிடாமல் உழைக்க வேண்டும். நிறுத்தப் புவியீர்ப்பு போதும்.

எந்தெந்த அளவு எல்லை மீறினால் நிறுத்துவது என்பதை மூன்று தனித்தனிக் கருவித் தொகுதிகள் கவனிக்கும். இரண்டு ‘நிறுத்து’ என்றால் உலை ட்ரிப் ஆகிவிடும். ஒரு கருவி பொய் சொன்னால் வீணாக நிற்காது. ஒரு கருவி செத்துப்போனாலும் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும். இந்த ‘மூன்றில் இரண்டு’ முறை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறாமல் தொடரும் சிலவற்றில் இது ஒன்று.

ஆனால் நீர் வடிய நேரம் பிடிக்கும். உலை பெரிதாகப் பெரிதாக அந்த நேரம் பொறுக்காது. வடித்த நீரைத் திரும்ப மேலே ஏற்றுவதும் எளிதல்ல. அதற்குள் எரிபொருளில் நியூட்ரானை விழுங்கும் செனான் சேர்ந்து, உலையை ஒன்றரை நாள் வரை மறுபடி எழுப்ப முடியாமல் போகலாம். இவற்றைவிட முக்கியமாக, நிறுத்தும் வேலை முழுவதும் ஒரே வகைச் செயலை நம்பியிருந்தது. அதனால் கல்பாக்கத்துக்கு அடுத்துக் கட்டிய நரோரா அணுமின் நிலையத்திலிருந்து இந்த முறையைக் கைவிட்டார்கள். அங்கே 14 நிறுத்தும் கழிகள் மேலிருந்து விழும். அவை போதாமற்போனால் 12 குழாய்களில் நியூட்ரானை விழுங்கும் திரவம் ஏறும். திடப்பொருள் ஒன்று, திரவம் ஒன்று. ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றதைக் கெடுக்கக் கூடாது என்பதே கணக்கு.

கல்பாக்கத்தின் பழைய உலைகளில் ஹைட்ராலிக்ஸ் மிக அதிகமாக உழைக்கும் இடம் ஒன்றுண்டு. அதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். இந்த உலைகளை நிறுத்தாமலேயே எரிபொருளை மாற்றலாம். உலையின் ஊடாகக் கிடையாக 306 குழாய்கள். ஒரு குழாயின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஃபியூலிங் மெஷின் வந்து கவ்விக்கொள்ளும். உள்ளே 300 டிகிரியை நெருங்கும் சூட்டில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் எண்பது மடங்குக்கு மேலான அழுத்தத்தில் கன நீர் ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் தன் உள்ளே கன நீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, குழாயின் அடைப்பைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிறகு அரை மீட்டர் நீளமுள்ள எரிபொருள் கற்றைகளை ஒரு பக்கத்திலிருந்து தள்ளும். மறுபக்க மெஷின் எரிந்து முடிந்தவற்றை வாங்கிக்கொள்ளும். முடிந்ததும் அடைப்பு திரும்பப் பொருத்தப்பட வேண்டும். கசிவு இல்லை என்று சோதித்த பிறகே பிடி விடுபடலாம். தள்ளுவது, திருப்புவது, கவ்வுவது என்று ஏறத்தாழ எல்லா அசைவுக்கும் எண்ணெயோ கன நீரோதான் பலம். மனிதர் அருகே நிற்க முடியாத அறையில் இவ்வளவும் நடக்கும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நீர் வடிந்து உலை நிற்கும் முறையில், பலம் போனால் பிடி விட்டுவிட வேண்டும். அதுதான் பாதுகாப்பு. ஃபியூலிங் மெஷினிலோ, பலம் போனாலும் பிடி விடவே கூடாது. விட்டால் கொதிக்கும் கன நீர் வெளியே பீறிடும். ஆகவே கவ்விய பிடி தவறி நழுவாதிருக்க அதற்குத் தனிப் பூட்டு உண்டு. ‘பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எது அந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தனியாக யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் மதிப்பில் இந்தத் துறையின் உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

பழுதோடு வாழவும் கல்பாக்கம் கற்றுக்கொண்டது. 1980-களின் இறுதியில், காலண்ட்ரியாவுக்குள் கன நீரைப் பரப்பும் உள்ளமைப்பு இரண்டு உலைகளிலும் உடைந்தது. கதிர்வீச்சு நிறைந்த அந்தக் கலத்துக்குள் போய் ஒட்டுப்போட வழியில்லை. நீர் பாயும் பாதையை மாற்றி, ஒவ்வொரு உலையையும் 170 மெகாவாட்டுக்கு இறக்கி ஓட்டினார்கள். பல ஆண்டுகள் அப்படியே ஓடின. பிறகு 2002-இலிருந்து 2006 வரை எரிபொருள் குழாய்களை மொத்தமாக மாற்றும் பெரும்பணியோடு சேர்த்து, நீரை உள்ளே விடப் புது வழி அமைத்து, 220 மெகாவாட்டுக்குத் திரும்பினார்கள். விமானத் துறையிலும் ஒரு உறுப்பு போனதும் மிச்சமிருப்பதை வைத்துத் திறனைக் குறைத்து ஓட்டும் கட்டுப்பாட்டு முறைகளை உருவாக்கினார்கள். 1995-இல் நாசா, சுக்கானைத் தொடாமல் என்ஜின்களின் வேகத்தை மட்டும் கணினியால் கூட்டிக் குறைத்து ஒரு எம்.டி.-11 விமானத்தைத் தரையிறக்கிக் காட்டியது.

விமானத்துக்கும் உலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டென்று தோன்றலாம். உலையை நிறுத்திவிடலாம், நடுவானில் விமானத்தை நிறுத்த முடியாது. இது பாதி உண்மை. உலையை நிறுத்திய கணத்திலும் எரிபொருளில் முழுத்திறனின் ஆறேழு சதவீதம் வெப்பம் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த வெப்பத்தை எடுக்கும் வேலைக்கு ஓய்வே கிடையாது. அந்த அளவில் உலையும் பறந்துகொண்டிருக்கும் விமானம்தான்.

நம் நாட்டில் இதைக் கடுமையாகக் கற்பித்தது நரோரா. 1993 மார்ச் 31 அதிகாலை, டர்பைன் தகடு உடைந்து, ஹைட்ரஜன் தீப்பற்றி, தீ கேபிள்கள் வழியே ஓடியது. கழிகள் விழுந்தன. உலை உடனே நின்றது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்திருந்த மின்பாதைகளின் கேபிள்கள் போதிய இடைவெளியும் தடுப்பும் இல்லாமல் சேர்ந்தே போயிருந்தன. சேர்ந்தே எரிந்தன. பதினேழு மணி நேரம் நிலையம் முழுக்க மின்சாரம் இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளிலிருந்து நீராவிக் கலங்களுக்குத் தண்ணீர் விட்டு உலையைக் குளிர வைத்தார்கள். ஊழியர்கள் இருட்டில் மேலே ஏறிக் கையால் வால்வைத் திறந்து போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். ஜப்பான் விமானத்தின் நான்கு குழாய்கள் சொன்னதையேதான் இந்தக் கேபிள்களும் சொல்லின. 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் டி.சி.-10 ஒன்று விழுந்ததும் அப்படித்தான். வால் என்ஜினின் விசிறித் தட்டு சிதறி மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் ஒரே வீச்சில் அறுத்தது.

கல்பாக்கத்தின் பாடம் கடல்வழி வந்தது. 2004 டிசம்பர் 26 காலை இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை குழாய் மாற்றத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. குளிரூட்டும் கடல்நீரைக் கரையிலிருந்து 468 மீட்டர் தள்ளி எடுத்து, கடலடிச் சுரங்கம் வழியே பம்ப் ஹவுஸுக்குக் கொண்டுவருவார்கள். சுனாமி அந்த வழியாகவே உள்ளே ஏறியது. பம்புகள் மூழ்கின. உலை நிறுத்தப்பட்டு, பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. புத்தாண்டு பிறந்த கையோடு மறுபடி ஓடவும் தொடங்கியது. பக்கத்தில் ஈனுலைக்குத் தோண்டியிருந்த அடித்தளக் குழியில் கடல்நீர் நிரம்பி நின்றது. நகரியத்திலும் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் அன்று பறிபோன உயிர்களை இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை. உலை நின்றதைப் பற்றி அன்று யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. கவலை பம்புகளைப் பற்றித்தான். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவிலும் உலைகள் சொன்னபடி நின்றன. குளிர வைக்கத்தான் வழியில்லாமற்போனது.

இனி அந்தக் குழியில் எழுந்த உலையைப் பார்ப்போம். 2004 அக்டோபரில் கட்டத் தொடங்கிய முன்மாதிரி வேக ஈனுலை அது. 2024 மார்ச் 4-இல் பிரதமர் முன்னிலையில் அதன் மையத்தை நிரப்பும் பணி தொடங்கியது. இதில் கன நீர் கிடையாது, வடிக்க எதுவும் இல்லை. உருகிய சோடியம் நிறைந்த பெரிய தொட்டிக்குள் எரிபொருள் நிற்கிறது. மேலேயிருந்து போரான் கார்பைடு கழிகள் தொங்குகின்றன. ஒன்பது கழிகள் உலையின் திறனைக் கூட்டிக் குறைக்கவும் நிறுத்தவும். இன்னும் மூன்று, நிறுத்த மட்டுமே. அவை எப்போதும் மேலே தூக்கியே வைக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டு கூட்டத்தில் எது ஒன்று செயல்பட்டாலும் உலை நின்றுவிடும்.

நொடிக்குள் நடந்துவிடும் கழியின் வீழ்ச்சியைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் நின்றதும் காந்தம் விடுகிறது. கழி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இறங்க வேண்டும். பெரும்பகுதியைத் தடையின்றி விழுந்து கடக்கிறது. கடைசிக் கொஞ்ச தூரத்தில் மட்டும் டாஷ்பாட் அதை ஏந்திக்கொள்கிறது. அலுவலகக் கதவுகளின் தலையில் பொருத்தியிருக்கும் டோர் குளோசர், கதவை அறையவிடாமல் மெல்லச் சாத்துகிறதே, அதே வேலை. குறுகிய வழியில் திரவத்தைப் பிதுக்கி வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஒன்பது கழிகளின் இயக்க அமைப்பில் அந்தத் திரவம் எண்ணெய். மற்ற மூன்றில் சோடியமே அந்த வேலையைச் செய்கிறது. காந்தங்களும் ஒன்றுபோல் இல்லை. மூன்றின் காந்தம் சோடியத்துக்குள்ளேயே முழுகியிருக்கிறது. எண்ணெய் குறைந்துபோனால் கழி பலமாக மோதும், ஆனால் விழாமல் நிற்காது. அதற்காகத்தான் தடை கடைசித் தூரத்தில் மட்டும். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் விழ வேண்டும், அடிபடாமல் விழுவது அதற்கு அடுத்துத்தான்.

கட்டளையிடும் மின்னணுச் சுற்றுகளிலும் இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு வேறு வகை. ஒன்றை ஒருவிதத் தர்க்கச் சுற்றால் கட்டினார்கள். மற்றது துடிப்புகளின் வரிசையைக் குறியீடாக வைத்து இயங்குகிறது. ஒரே மாதிரிப் பலகைகளை இரு பக்கமும் வைத்தால், அந்தப் பலகையில் ஒளிந்திருக்கும் குறையும் இரு பக்கமும் இருக்கும். இதற்கும் மேலே ஒரு ஏற்பாடு உண்டு. கழியை விடுவிக்கப் போதாத அளவு குறுகிய மின்துடிப்புகளை அந்தச் சுற்றுக்குள் இடையறாது அனுப்பி, அவை மறுமுனைக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று இயந்திரமே பார்த்துக்கொண்டிருக்கும். பழைய ரிலே பலகையில் ஒரு தொடுமுனை ஒட்டிக்கொண்டால் அடுத்த சோதனை நாள் வரை யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய தூரம் இதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்த பழுதைச் சமாளிக்கலாம். தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பழுதின் மேல் இரண்டாவது ஒன்று வந்து சேரும்போதுதான் விபத்து.

பார்க்க முடியாமையின் விலையை இந்த வளாகம் முன்பே கொடுத்திருக்கிறது. 1985 அக்டோபர் 18-இல் உயிர்பெற்ற சிறிய சோதனை ஈனுலையில், 1987 மே மாதம் எரிபொருள் கையாளும்போது வழிகாட்டிக் குழாய் ஒன்று வளைந்துவிட்டது. சோடியம் ஒளிபுகாத திரவம், உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. சீர்செய்து மறுபடி ஓட்ட 1989 ஆயிற்று. புதிய ஈனுலையில் சோடியத்துக்கு அடியில் கேளா ஒலியால் துழாவிப் பார்த்து, எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்யும் கருவி வந்திருப்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

பிறகு அந்த ஓயாத வெப்பம். ஈனுலையின் முழு வெப்பத்திறன் 1,250 மெகாவாட். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து அதில் ஒன்றரை சதவீதம் என்றால் 19 மெகாவாட் அளவில். அதை வெளியேற்ற நான்கு தனிப் பாதைகள், ஒவ்வொன்றும் 8 மெகாவாட். பம்ப் கிடையாது. சூடான சோடியம் தானே மேலேறும், உயரமான புகைபோக்கிக்கு அடியில் காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துக் குளிர்ந்து இறங்கும். கடல் பொங்கினாலும் மின்சாரம் போனாலும் காற்று இருக்கும். இதில் அசைய வேண்டியது காற்றுக்கு வழிவிடும் கதவுகள் மட்டுமே. அந்தக் கதவுகளையும் ஒரே வகை இயக்கியிடம் ஒப்படைக்கவில்லை. சிலவற்றை அழுத்தக் காற்று திறக்கிறது, சிலவற்றை மின்மோட்டார். இரண்டும் கைவிட்டால் மனிதர் கையால் திறக்கலாம். விமானத்திலும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஏர்பஸ் ஏ380-இல் மூன்று நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளை அடுக்குவதற்குப் பதிலாக இரண்டு ஹைட்ராலிக், இரண்டு மின்வழி என்று பிரித்தார்கள்.

பழைய உலைகளும் அப்படியே விட்டுவிடப்படவில்லை. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு நாட்டின் நிலையங்களில், வெளியிலிருந்து வாகனங்கள் மூலம் தண்ணீர் ஏற்றுவதற்கான இணைப்புகளைப் பொருத்தினார்கள். ஆனால் 1971-இல் கட்டத் தொடங்கிய ஒன்றில் பிற்பாடு சேர்க்கக்கூடியதற்கு ஓர் அளவு உண்டு. வடிவத்திலேயே இருக்க வேண்டியதைப் பொருத்தி வைத்துச் சமன்செய்ய முடியாது.

இந்த மாற்றங்கள் கரையில் வாழ்பவர்களுக்கு எவ்வளவு தெரியும்? அவசரகாலத் திட்டம் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்தைக் கணக்கில் எடுக்கிறது. மாமல்லபுரம் அதற்குள், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், வாயலூர் அதற்குள். வட்டத்துக்குள் இருக்கும் ஊர்களில் அவ்வப்போது ஒத்திகை நடக்கிறது. வீட்டுக்குள் இரு, சன்னலைச் சாத்து, மாத்திரையை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தரப்படுகிறது. உலை எப்படி நிற்கிறது, நின்ற பிறகு ஏன் குளிர வைக்க வேண்டியிருக்கிறது, பம்ப் இல்லாமல் அது எப்படி நடக்கும் என்பதைத் தமிழில், படத்தோடு, அதே கூட்டத்தில் சொல்லலாம். 2004-இல் கடல் பின்வாங்கியதையும் சுவராக எழுந்து வந்ததையும் கண்ணால் பார்த்த மக்கள் இவர்கள். ‘எல்லாம் பத்திரம்’ என்ற ஒற்றை வரி இவர்களுக்குப் போதாது. ஒரு கழியை எதற்காக எண்ணெயும் இன்னொன்றை எதற்காகச் சோடியமும் ஏந்திக்கொள்கின்றன என்று விளக்கினால் சதுரங்கப்பட்டினத்து மீனவருக்குப் புரியும். படகையும் என்ஜினையும் நம்பிக் கடலுக்குப் போகிறவருக்கு மாற்று ஏற்பாடு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கல்பாக்கத்திலேயே அடுத்துக் கட்டத் திட்டமிட்டிருக்கும் இரண்டு ஈனுலைகளுக்காக இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நடக்கும் ஆய்வுகளில் ஒன்று, வெப்பம் உணரும் மின்காந்தம். காந்தத் தன்மையுள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய ஒரு வெப்பநிலையில் அதை இழந்துவிடும். அத்தகைய ஓர் உலோகக் கலவையைக் காந்தத்தில் சேர்த்துவிட்டால், சோடியத்தின் சூடு அந்த எல்லையைத் தாண்டும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தாலும் கழி விழும். கருவி வேண்டாம், மூன்றில் இரண்டு வாக்கு வேண்டாம், கட்டளை போகும் கம்பியும் வேண்டாம். உலையிலிருந்து வெளியேறும் சோடியம் வழக்கமாகவே 547 டிகிரியில் இருக்கும். கொதிப்பது 880 டிகிரியை ஒட்டி. அந்த இடைவெளிக்குள், அன்றாடச் சூட்டில் ஆண்டுக்கணக்காகப் பிடி தளராமலும், எல்லையைத் தாண்டியதும் தயங்காமலும் விடக்கூடிய கலவையைத் தேட வேண்டும்.